சனிக்கிழமை வரைக்கும்

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிடவா? கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் வீடெடுத்தால் கடற்காற்று வரும் என்று எனக்குச் சொன்னவர், இந்த வீட்டை விற்றவர். காற்று வராது. துறைமுக லொறிகளின் சத்தம் தாராளமாக வரும்.

நீங்கள் எழுதிக்கொள்ளச் சுகமாக இருக்கட்டும் என்று எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியைக்கு 'ஓடு, நில், போடு' என்பதற்கு மேல் தமிழ் தெரியாது என்று எங்கள் கல்லூரி அதிபர் ஓய்வுபெறும்வரை நம்பியிருந்தார். பாவம், நல்ல மனுஷி.

காளியப்பன் காணாமல்போனது பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவருடைய தங்கை இராமலெட்சுமி தன் முறைப்பாட்டில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறாள். எங்களுக்காக ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கிய ஒரே ஆள் பேர்னாட் மிஸ் என்று சொல்லியிருக்கிறாள். உண்மைதான், ஏறி இறங்கினேன். நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்டீர்கள், யார்மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் வந்து விசாரித்தார்கள். அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

கல்லூரியின் பெயர் வேண்டாம். அது ஏற்கெனவே போதிய அளவு பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். அங்கே கூடைப்பந்துத் திடல் என்று ஒன்றை எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். சீமெந்து வெடித்துப் புல் முளைத்திருந்தது. ஒரு பக்கத்து வளையம் சாய்ந்திருந்தது. பந்து மதிலைத் தாண்டினால் ரயில் பாதையில் விழும். எடுக்கப் போகும் பிள்ளையிடம் அங்கே காவலுக்கு நிற்கும் ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்பான். வெளியே விளையாடப் போனால் சோதனைச்சாவடிகளில் பந்துகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார்கள். எங்கள் பந்துகளில் காற்றே ஒழுங்காக இருக்காது, பிறகு வேறென்ன இருக்கப்போகிறது.

இந்த வசதிகளோடு நாங்கள் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அகில இலங்கைப் போட்டிக்குப் போனோம். எங்களோடு மோத இருந்த கொழும்பு ஏழுக் கல்லூரிக்கு மரத்தளம் போட்ட உள்ளரங்கு, வெளிநாட்டில் படித்த பயிற்றுநர், இடைவேளைக்குக் குளுக்கோஸ். எங்களுக்கு நான். அதோடு இராமலெட்சுமி.

அவளுடைய குடும்பம் மலையகத் தோட்டத்தில் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வவுனியாப் பக்கம் போனார்கள். அங்கே சண்டை துரத்தக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து இருந்தார்கள். தாய் மயிலம்மா, அண்ணன் காளியப்பன், இவள். தகப்பன் இல்லை. காளியப்பன் பௌஸி ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் வேலை செய்து தங்கையைப் படிப்பித்தார். ஓய்வு நேரத்தில் ரேடியோ திருத்துவார். என் பழைய ரேடியோவையும் ஒருமுறை கொண்டுபோய்த் திருத்தி வந்து தந்தார். காசு வாங்கவில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறீர்கள், அது போதும் என்றார்.

பிள்ளை அவ்வளவு உயரமில்லை. ஆனால் பந்தோடு பாய்ந்தால், தடுக்க வந்தவள் கீழே இறங்கிய பிறகும் இவள் மேலேதான் இருப்பாள். இதைப் படிப்பிக்க முடியாது. நான் படிப்பித்தேன் என்று பத்திரிகையில் வந்தது, நான் மறுக்கவில்லை. பழைய மாணவிகள் சங்கத்தார் முதலில் "ஆர் அந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்கள். காலிறுதிக்குப் பிறகு "எங்கட இராமலெட்சுமி" என்றார்கள். ஊர் வித்தியாசம், சாதி வித்தியாசமெல்லாம் ஒழிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று பெரிய ஆட்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். இருபது புள்ளி போதும்.

அரையிறுதியில் வென்றோம். இறுதிப் போட்டி அடுத்த சனிக்கிழமை. திங்கட்கிழமை பயிற்சி முடிய அவள் என்னிடம் வந்தாள்.

"மிஸ், வியாழக்கெழம நாங்க இந்தியா போறோம். திருச்சியில மாமா இருக்காரு. விசா வந்திருச்சு."

சனிக்கிழமை விளையாட்டு இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். அவளுக்கு மறக்கவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் காலை காளியப்பனே கல்லூரிக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது இப்போதும் நினைவிருக்கிறது. டிக்கட்டை மாற்றப் பார்த்ததாகவும் அடுத்த மாதம்தான் இடம் இருப்பதாகவும் சொன்னார்.

"அவ வெளையாடுறதப் பாக்க எனக்கும் ஆசதான் மிஸ். ஆனா என்னைய ரெண்டு தடவ புடிச்சிட்டுப் போய் விட்டாங்க. மூணாந்தடவ விடுவாங்களான்னு தெரியல. பயமா இருக்கு."

நியாயமான பேச்சு. நான் அவருக்குத் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தேன். பயணம் சுகமாக அமையட்டும் என்றேன். அவர் போனபின் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் பயிற்சி கொடுத்தேன். இராமலெட்சுமி இல்லாமல் ஆடிப் பார்த்தோம். பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். வெள்ளவத்தையில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு கொமியூனிகேஷன். கனடாவுக்கும் லண்டனுக்கும் கோல் எடுத்து அழுவதற்குச் சனம் வரிசையில் நிற்கும். உள்ளூர்க் கோல் எடுக்க வந்தவள் நான் ஒருத்திதான் என்றபடியால் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். பொலிசுக்கு எடுத்தேன். சந்தேகமாக யாரையாவது கண்டால் அறிவியுங்கள் என்று அவர்கள்தான் எந்த நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார்களே.

என்ன சொல்வது என்பதை முதலே யோசித்து வைத்திருந்தேன். வவுனியாப் பக்கமிருந்து வந்த பெடியன் என்று மட்டும் சொன்னால் காலையில் கொண்டுபோய்ப் பின்னேரம் விட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் அது எங்கள் எல்லோருக்கும் நடப்பது, பஸ் பிந்துவது மாதிரி. எனக்கு அது போதாது. சனிக்கிழமை வரைக்கும் வேண்டும். ஆகவே இரண்டு விஷயம் கூட்டிச் சொன்னேன். கடையிலிருந்து வயரும் பற்றரியும் அறைக்குக் கொண்டுபோகிறார் என்றேன். வியாழக்கிழமை நாட்டைவிட்டுப் போக இருக்கிறார் என்றேன். இரண்டும் உண்மை. வயரும் பற்றரியும் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரேடியோ திருத்த என்று சொல்லியிருப்பேன்.

பேனையை ஏன் வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

புதன்கிழமை காலை கடையில் வைத்து அவரைக் கொண்டுபோனார்கள். பின்னேரம் பௌஸி ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்றார். ஸ்டேஷனில் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்திருக்கிறார். அரசாங்க உத்தியோகத்தில் உள்ள ஒருவர் இன்றைக்கே வந்து, இந்தப் பெடியனை எனக்குத் தெரியும் என்று பொறுப்பெடுத்தால் விடுவார்களாம்.

"மிஸ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொடியன் நாளைக்கு பிளேன் ஏறிடுவான்" என்றார்.

அதுதான் சிக்கல். அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்றாலும் கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. அரசாங்க ஆசிரியை ஒருத்தி அதிபரின் அனுமதி இல்லாமல் பொலிசில் யாருக்கும் பொறுப்பு நிற்க முடியாது என்றேன். அனுமதி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே வருகிறேன் என்றேன். அவர் ஸலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். இதை நீங்கள் குற்றமாக எழுதினால் எழுதுங்கள். நான் அப்படி எடுக்கவில்லை. ஒழுங்குவிதி என்று ஒன்று இருக்கிறது.

வியாழக்கிழமை விமானம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை நான் அவர்களுடைய அறைக்குப் போனேன். மயிலம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்களத்தான் நம்பியிருக்கோம் மிஸ்" என்றார். இராமலெட்சுமி மூலையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. இந்த நிலையில் அவளை விளையாடக் கேட்பது சரியில்லை என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு இளம் பிள்ளைகளின் மனசு தெரியாது. துக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

"நாளைக்குப் பிரதம விருந்தினரா வாறவர் ஒரு பிரதி அமைச்சர்" என்றேன். "நாங்கள் வெண்டால் மேடையில நான் அவரோட கதைக்கலாம். தோத்த ரீமின்ர கோச்சோட அவர் ஏன் கதைக்கப்போறார்?"

அவள் எழும்பி நின்றாள். "அண்ணன் விசயத்தச் சொல்லுவீங்களா மிஸ்? நெசமா?"

"ஓம்."

"அப்ப நா ஜெயிச்சுத் தாறேன்."

தந்தாள். எங்களுடைய புள்ளிகளில் அரைவாசிக்கு மேல் அவள் போட்டவை. கொழும்பு ஏழு அவளுக்குமேல் இரண்டு பேரை விட்டது, மூன்று பேரை விட்டது. விழுத்தினார்கள். முழங்கால் கிழிந்து இரத்தம் சப்பாத்து வரைக்கும் வந்தது. மாற்றாள் இறக்கவா என்று கேட்டேன், தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். ஒவ்வொரு கூடை விழுந்ததும் திரும்பிப் பிரதம விருந்தினரின் கதிரையைப் பார்த்தாள், அவர் கண்டாரா என்று. அவர் பெரும்பாலும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். கடைசி நிமிஷத்தில் அவள் போட்ட பந்தில் ஒரு புள்ளியால் வென்றோம். அதிபர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பழைய மாணவிகள் பைலா ஆடினார்கள். கலாசாரம் அழிகிறது என்று கூட்டம் வைப்பவர்களும் அவர்களேதான்.

மேடையில் எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. அமைச்சர் என் கையைக் குலுக்கி, என்ன வேண்டும், கேளுங்கள் என்றார். யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் அண்ணன் ஒரு பக்கம். இனி வரப்போகும் அத்தனை பிள்ளைகளும் மறுபக்கம். திடலுக்கு மின்விளக்குப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். சொன்னபடியே போட்டும் தந்தார். அரசியல்வாதிகளைச் சும்மா குறை சொல்லக்கூடாது.

இராமலெட்சுமி மேடைக்குக் கீழே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கியதும் ஓடிவந்தாள்.

"சொன்னீங்களா மிஸ்?"

"கதைச்சனான்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

திங்கட்கிழமை, சொன்ன சொல் தவறாமல் நான் அவர்களோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வியாழக்கிழமையே அவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அடுத்த இடத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். அடுத்ததிலும் அப்படித்தான். நான்தான் எல்லா இடத்திலும் கதைத்தேன். முதல் ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன் நான் கதைப்பதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "மிஸ்கே சிங்ஹல ஹரி ஹொந்தய்" என்று சிரித்தார். மிஸ்ஸின் சிங்களம் மிக நல்லாயிருக்கிறதாம். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். இராமலெட்சுமிக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. அவர் நம்பிக்கையாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. என்ன உண்மை? நான் சொன்னது எல்லாமே உண்மைதான். பொய் என்றால் வாபஸ் வாங்கலாம். உண்மையை எப்படி வாபஸ் வாங்குவது? ஹாஜியார் லோயர் வைத்துப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வயர் விற்றதற்காக அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன்பிறகு கடையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்குப் போய்விட்டார். மயிலம்மா மகன் வருவான் என்று திருச்சிக்குப் போக மறுத்தார். அந்த அறையிலேயே காத்திருந்து, காத்திருந்து, அங்கேயே கண்ணை மூடினார். செத்தவீட்டில் முன்னுக்கு நின்றவள் நான்.

இராமலெட்சுமியும் போகவில்லை. இப்போது வத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறாள். நான் சிபாரிசு செய்து எடுத்துக் கொடுத்த வேலை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் என்னைப் பார்க்க வருவாள். போன முறை வந்து, நீங்கள் இருக்கிற அதே கதிரையில் இருந்து கேட்டாள்.

"மிஸ், அன்னைக்கு யாரோ போன் பண்ணித்தான் அண்ணனைப் புடிச்சாங்களாம். பழைய பொலிஸ்காரர் ஒருத்தர் இப்பதான் சொல்றாரு. அது யாருன்னு தெரிஞ்சா நா என்ன செய்யணும்?"

நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"மன்னிச்சுவிடு பிள்ளை. அந்த ஆளுக்கு என்ன நெருக்கடியோ, ஆருக்குத் தெரியும்?"

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு எழும்பிப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "நீங்க சொன்னா நா செய்யறேன் மிஸ்" என்றாள்.

அப்படி மன்னிக்க எத்தனை பேருக்கு வரும்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு நான் பந்து போட மட்டும்தான் படிப்பித்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது.