கட்டிக் குடுக்காத மகள்

சுன்னாகம் ரயில் நிலையத்தில் கோச்சி ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஒருகாலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மெலிந்தவர் சொன்னார்:

"அம்மா செத்த அண்டைக்குத்தான் நான் நல்லாய் நித்திரை கொண்டனான்."

மற்றவர் திடுக்கிட்டார். "என்ன கதை கதைக்கிறாய், பொன்னம்மா? தொண்ணூறு வயது மட்டும் இருந்த மனுசி. ஐயா செத்தாப் பிறகு தனிச்சுப் புகையிலைத் தோட்டம் செய்து ஆறு பிள்ளையளை வளர்த்தவ. ஊரே கும்பிட்டது."

"ஓம், ஊர் கும்பிட்டது. என்னைக் கேட்டு வந்த நாலு மாப்பிள்ளையளையும் திருப்பி அனுப்பினதும் அவதான். ஒருத்தன் கறுப்பு எண்டா, ஒருத்தன்ரை குடும்பம் சரியில்லை எண்டா. கடைக்குட்டி நானும் போனால் தன்னை ஆர் பாக்கிறது எண்டதுதான் உண்மை."

"அண்ணைமார் ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"அவையள் மலாயாவுக்குப் போட்டினம். அம்மாவோடை வாய் குடுக்க ஆருக்குத் துணிவு?"

"கடைசியிலை உனக்கு ஏதும் சொன்னவவோ?"

கோண்டாவிலில் கோச்சி நின்று புறப்பட்டது. பொன்னம்மா சொன்னார்:

"கடைசி மாதம் அவவுக்கு என்னை அடையாளம் தெரியேல்லை. கஞ்சி பருக்கேக்கை என்ரை கழுத்தைத் தடவிப் பாத்தா. தாலி இல்லை. 'நீ ஆற்றை பிள்ளை? நல்லவளாய் இருக்கிறாய். கொம்மா ஏன் உன்னைக் கட்டிக் குடுக்கேல்லை?' எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னனீ?"

"எனக்கு அம்மா இல்லை எண்டன். 'ஐயோ பாவம்' எண்டு அழுதா."