முச்சந்தியில் இருந்த கிளிப்

காலை நாலரை மணி. பாறைக் குட்டைக்குப் போகிற ரோடு. அந்த நேரத்தில் அங்கே நாய்கூட நிற்காது... வேன் ஒன்று மட்டும் போகிறது. பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்து டங்... டங்... என்று சத்தம். ஓட்டுகிறவன் ஒற்றை ஆள். என் சிநேகிதன். அவனைத் தவளை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. அந்தக் கதவை ஒருத்தர் சாத்திவிட்டால் தேவலை. பயத்தில் சொல்லவில்லை, காற்றில் மெழுகுவர்த்தி ஆடுகிறது.

தவளை அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். குட்டைக்கு அடியில் குகை இருக்கிறது. முழுக்கத் தண்ணீர். அதற்குள் தனியாக இறங்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவனுடைய அக்கா புருஷன். அத்தான். அந்த அத்தானுக்காகத்தான் அவன் பாடத்தை மீறிப் போனான்.

அத்தான் சாதாரண ஆள் இல்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் வெல்டிங் வைக்கிற வேலையில் ஆரம்பித்தவர். கப்பல் சலித்துவிட்டது போல. குகைக்குள் போக ஆரம்பித்தார். மேலே பாறை, கீழே பாறை, நடுவில் கறுப்புத் தண்ணீர்... மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாம் என்றால், மேலே என்று ஒன்று கிடையாது. நமக்கெல்லாம் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாலே பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. இவர் அதற்குள் காலையில் போனால் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வெளியே வருவார்.

அந்த நாளில் அதையெல்லாம் செய்தவர் யாரும் அங்கே இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, சாமான் இல்லை. ரொம்ப ஆழத்துக்குப் போனால் சாதாரணக் காற்றே சாராயம் மாதிரி தலைக்கேறும். ஹீலியம் கலந்தால் ஏறாது என்று எங்கேயோ படித்து, தானே கலந்து, தானே இழுத்துப் பார்த்தார். முதல் தடவை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இழுத்துவிட்டு, வாத்துக் குரலில் அக்காவிடம் சாப்பாடு கேட்டாராம். அக்கா கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்தாளாம். அவள் அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை என்பான் தவளை.

முதுகில் சிலிண்டர் கட்டினால் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது என்று விலாவின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு புகுந்தார். அவர் போன தூரம் அதுவரை யாரும் போகாத தூரம். பேப்பரில் போட்டோ வந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். உள்ளே யாராவது செத்துப்போனால் போலீஸ் இவருக்குத்தான் போன் போடும். போய்ப் பிணத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அக்காவுக்கு என்ன வேலை? காத்திருப்பது. கல்யாணமான புதிதில் பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு குட்டைக் கரையில் உட்காருவாள். காபி ஆறும். அப்புறம் வீட்டிலேயே போனுக்குப் பக்கத்தில் உட்காரப் பழகிக்கொண்டாள். குழந்தை இல்லை. யாராவது கேட்டால், "அதுக்கு அவரு வீட்ல இருக்கணும்ல" என்பாள்.

சரி... கிளிப்புக்கு வருகிறேன்.

குகையில் வழி தவறாமல் இருக்க, வாசலிலிருந்து ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டே போவார்கள். விளக்கு அணைந்தாலும் கயிற்றைத் தடவித் திரும்பிவிடலாம். கயிறு இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் சிக்கல். எந்தப் பக்கம் வெளியே என்று இருட்டில் எப்படித் தெரியும்? அதற்கு அத்தான் கண்டுபிடித்தது துணி காயப்போடுகிற கிளிப். அக்காவின் கொடியிலிருந்து உருவிய பிளாஸ்டிக் கிளிப். ஆளுக்கு ஒன்று. விரலால் தடவினாலே யாருடையது என்று தெரிய, ஓரத்தில் வெட்டு. அத்தானுக்கு ஒரு வெட்டு. அவருடைய சிஷ்யன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு இரண்டு. தவளைக்கு மூன்று. காய்கறிக் கத்தியால் அந்த வெட்டுகளைப் போட்டுக்கொடுத்தது அக்காதான்.

உள்ளே போகிறபோது, வெளியே போகும் பக்கத்துக் கயிற்றில் உன் கிளிப்பை மாட்டு. திரும்பும்போது கழற்று. கிளிப் இருந்தால் ஆள் உள்ளே. இல்லையென்றால் ஆள் வெளியே. அடுத்தவன் கிளிப்பில் கை வைக்கவே கூடாது. வைத்தால் அவன் வழி போயிற்று. "செத்தாலும் தொடாத. பொணம் வெளிய வந்தப்புறம் எடுத்துக்கலாம்" என்பார் அத்தான்.

குட்டைக் குகையில் அப்படிப் பிரிகிற இடம் ஒன்றே ஒன்று. அதற்கு முச்சந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே அந்தச் சிஷ்யனின் கிளிப் வெகுகாலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் போனவன்... வரவில்லை. இருபத்திரண்டு வயசு. யார் யாருடைய பிள்ளையையோ தேடி எடுத்துக் கொடுத்த அத்தானுக்குத் தன் சிஷ்யனை எடுக்க முடியவில்லை. தேடினார், தேடினார், வருஷங்கள் போயின. கிளிப்பைக் கழற்ற மட்டும் யாரையும் விடவில்லை. அவன் இன்னும் உள்ளே என்பதுதான் கணக்கு.

யாரது காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டது? கீழே ஒன்றும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் அத்தானும் தவளையும் அதே இடது பக்கம் புதுக் கயிறு போடப் போனார்கள். வெகு உள்ளே, அவர்கள் விட்ட குமிழி பட்டு மேல்பாறையில் ஒட்டியிருந்த சேறு பெயர்ந்து கொட்டியது. சத்தமே இல்லை. டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால்கூட வெளிச்சம் தெரியவில்லை. அத்தானின் கை தவளையின் தோளைப் பிடித்திருந்தது. பிறகு... பிடித்திருக்கவில்லை.

தவளை துழாவினான். கிடைக்கவில்லை. கயிற்றைத் தடவித் தடவி முச்சந்திக்கு வந்தான். விரலால் பார்த்தான். இரண்டு வெட்டு... மூன்று வெட்டு... ஒரு வெட்டு. மூன்று கிளிப்பும் இருந்தன. அத்தான் இன்னும் உள்ளே.

காத்திருந்தான். வெளியே போகத் தேவையான காற்று மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் காத்திருந்தான். அப்புறம் தன் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு கிளம்பினான். அக்காவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லையாம்.

நின்று நின்று மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டினான். கரையில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

உயிரோடுதான். கண்ணைத் திறந்துகொண்டு. தண்ணீர் சொட்டச் சொட்ட. முச்சந்தியைத் தாண்டாமல் வெளியே வர அந்தக் குகையில் வேறு வழி கிடையாது. தாண்டியிருந்தால் கிளிப்பைக் கழற்றாமல் வரமாட்டார். கழற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர். தவளை அப்போது அதைக் கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டார், அது போதும் என்று இருந்தது.

அத்தான் ஆழத்திலிருந்து எங்கேயும் நிற்காமல் நேராக மேலே வந்திருக்கிறார். அப்படி வரக் கூடாது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிற மாதிரி ரத்தத்தில் குமிழி பொங்கும். ஆஸ்பத்திரியில் இரும்புத் தொட்டி மாதிரி ஒரு அறைக்குள் அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார். டாக்டர் முதுகுத்தண்டு என்றார், நரம்பு என்றார், அதிர்ச்சி என்றார். இனிமேல் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வாழ்நாளெல்லாம் இந்த மனுஷன் வீட்டில் இருக்க மாட்டாரா என்று ஏங்கியவள் அக்கா. இப்போது இருந்தார்.

இருந்தார் என்றால்... உட்கார வைத்த இடத்தில் இருந்தார். பசி சொல்ல மாட்டார். காபி கொதித்தாலும் ஒன்றுதான், ஆறினாலும் ஒன்றுதான். ஒருநாள் வெந்நீர் காலில் கொட்டித் தோல் உரிந்து வந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கிற மாதிரியே அக்காவையும் பார்ப்பார். உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது, உள்ளேயும்தான்.

காலுக்கு மருந்து போட்டுவிட்டு அக்கா தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"முச்சந்தில அவரு கிளிப்பக் கழட்டினாரா?"

"இல்லக்கா."

"அப்ப ஆளு இன்னும் வரலடா. உடம்பு மட்டும்தான் வந்திருக்கு. கிளிப் வெளிய வந்தா ஆளு வெளிய வந்தாச்சுன்னு அவரு சொன்ன கணக்குதானே. போய் எடுத்துட்டு வா."

அடுத்தவர் கிளிப்பைத் தொடக் கூடாது என்று தவளை சொல்லிப் பார்த்தான். அக்கா அத்தானின் காலை மட்டும் காட்டினாள்.

அதனால்தான் அந்தக் காலை நாலரை மணி.

விபத்துக்கு அப்புறம் அந்தக் குகைக்குள் யாரும் போகவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. குளிர் மட்டும் எலும்பு வரைக்கும். கையுறைக்குள் விரல் இருப்பதே தெரியவில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம்தான்... கர்ர்... அப்புறம் குமிழி பாறையில் உருளுகிற சத்தம். தூரத்திலேயே டார்ச் வெளிச்சத்தில் முச்சந்தி தெரிந்தது. கயிற்றில் இரண்டு கிளிப். பக்கத்துப் பக்கத்தில்.

கை எட்டுகிற தூரத்துக்கு வந்தான். அப்போது இடது பக்கத்து வழியிலிருந்து சேறு வந்தது. மெதுவாக... புகை மாதிரி உருண்டு வந்தது.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சேறு தானாகக் கிளம்பாது. யாராவது அங்கே காலை அடித்தால்தான் கிளம்பும்.

வெளிச்சம் போயிற்று. தவளை கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கயிறு ஆடியது. உள்பக்கம் இன்னொரு ஆள் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் எப்படி ஆடுமோ அப்படி. விட்டு... விட்டு... ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில்.

கையுறையைக் கழற்றிக் கிளிப்பைத் தடவினான். ஒரு வெட்டு தட்டுப்பட்டது. பிடுங்கினான். திரும்பினான். பின்னால் பார்த்தாயா என்று நான் கேட்டேன். பார்த்தாலும் என்ன தெரியும் என்றான்.

சேறு அப்பிய கிளிப்பை அப்படியே அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவினாள். கொண்டுபோய்க் கொடியில் மாட்டினாள்.

மறுநாள் போன் வந்தது. அத்தான் காபியை வாயில் வைத்ததும் சுட்டுவிட்டது என்று அழுதாராம். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். சொல்லும்போது அக்காவும் அழுதாள். தவளை வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான்.

அதற்கப்புறம் நல்ல செய்தியாகவே வந்தது. அத்தான் மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பாட்டு முணுமுணுக்கிறார். மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவப் போய், முழங்கால் வலித்ததும் அந்த முழங்காலையே ஆச்சரியமாகப் பார்த்தாராம். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நிற்கிறாராம். நிற்கட்டும், பிழைத்து வந்த மனுஷன் என்று தவளை நினைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் சாப்பிடப் போனான். அக்கா சதை போட்டிருந்தாள், புதுப் புடவை. மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். அத்தான் தட்டை நீட்டினார்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் போடுங்க."

கட்டின பெண்டாட்டியைப் பார்த்து.

அக்கா தலை நிமிராமல் பரிமாறினாள். முதல் தடவையாகக் கேட்கிற முகம் இல்லை அது. அக்காவை அண்ணி என்று கூப்பிட்ட ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அத்தானை அண்ணே அண்ணே என்று சுற்றிவந்த அந்தச் சிஷ்யன். டாக்டரிடம் கேட்டால், மூளை குழம்பினால் உறவுமுறை மாறிப்போகும் என்பார். சொல்லட்டும்.

அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தவளை பின்னாலேயே போனான். ஜன்னலோரக் கொடியில் அந்தக் கிளிப் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான். சேறு போய்ச் சுத்தமாக இருந்தது.

இரண்டு வெட்டு.

"ஒரு வெட்டுல சேறு அடைச்சிருந்திருக்குக்கா. கை மரத்துப்போயிருந்துச்சு. நான் தப்பா எடுத்துட்டேன்."

"கழுவும்போதே பாத்தேன்" என்றாள் அக்கா. அவளே கத்தி பிடித்துப் போட்ட வெட்டு, தெரியாமல் இருக்குமா?

"நாளைக்கே போறேன். அத்தானோடத எடுத்துட்டு வந்துடுறேன்."

அக்கா குழாயை மூடினாள்.

"அவரு வந்தா இவன் எங்கடா போவான்?"

கூடத்தில் தட்டும் கரண்டியும் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பசித்த பிள்ளை சாப்பிடுகிற சத்தம்.

"அத்தான் அங்க இருட்டுல காத்துக்கிட்டு இருப்பாருக்கா..."

"இருக்கட்டும். நான் இருந்தேன்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றான் தவளை. பால் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்புறம் அத்தானின் குரல்... மெதுவாக.

"அண்ணி... லைட்ட மட்டும் அணைச்சுடாதீங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.