ஹால்ல உக்காந்திருக்கற கம்மோடு

...அய்யய்யோ, அதுல உக்காராதீங்க மேஸ்திரி! துணி போட்டு மூடியிருக்கறதால எல்லாரும் முக்காலின்னு நெனச்சுடறாங்க. கம்மோடுங்க அது! மூணு மாசமா ஹால்லயே உக்காந்திருக்கு, வேண்டாத விருந்தாளி கணக்கா.

இப்படி வாங்க... பாத்து, காலடியில செங்கல்லு. இதுதான் கீழ் பாத்ரூமு. அதாவது, ஆகியிருக்க வேண்டியது. செவுத்த ஒடச்சான், பைப்ப அறுத்தான், "சிமெண்ட் வாங்கிட்டு வந்துடறேம்மா"ன்னு போனான் அந்தக் கான்ட்ராக்டரு. போனவன் போனவன்தான்! அட்வான்ஸ முழுங்கி ஏப்பமே விட்டுட்டான், படுபாவி.

என்ன கேட்டீங்க? அவன் முன்ன செஞ்ச வேலையப் போய்ப் பாத்தேனான்னா? எங்க வீட்டுக்காரரும் இதேதான் கேட்டாரு. நான் எதுக்குங்க வீடு வீடா அலையணும்? மூஞ்சியப் பாத்தாலே ஆள எட போட்டுடுவேன், ஆமா! அவன் உள்ள வந்ததும், தோ மாட்டியிருக்கு பாருங்க எங்க மாமனார் படம், அதப் பாத்தான். கையெடுத்துக் கும்பிட்டான். "எங்கப்பாவ உரிச்சு வெச்ச மாதிரி இருக்காரும்மா, இருந்தவரைக்கும் எத்தன பேருக்கு நல்லது செஞ்சாரோ"ன்னு பொலபொலன்னு அழுதான். மாமனாரு பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருக்காரு!

அவரு வெளிய வந்து, "உயிரோட இருக்கறவனுக்கே அழறான், இவன நம்பாதே"ன்னாரு. கெழவருக்கு என்ன சொன்னாலும் குத்தம். அவன் மனசு எளகின மனசு, அவ்ளோதான்னு நெனச்சேன்.

இப்ப பாருங்க, போன வாரம் மாடி பாத்ரூமுக்கு ஏறப்போயி, படியில உருண்டு, இடுப்பு எலும்பு போச்சு அவருக்கு. பாவமாத்தான் இருக்கு, இல்லேங்கல. ராத்திரில்லாம் தூக்கமே வரல எனக்கு. ஆனா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, பாக்க வர்றவங்ககிட்டல்லாம் "என் மருமக ஆள எட போட்டா, எனக்கு எலும்பு போச்சு"ங்கறாரே! வெள்ளிக்கிழம வீட்டுக்கு வர்றாரு. அதுக்குள்ள இந்த பாத்ரூம் பளபளன்னு நிக்கணும். அவரு வாய அடைக்கணும்.

என்னது, முடியாதா? ஈரம் காயணுமா? அதெல்லாம் மனசு வெச்சா காயும். ஒரு ஒப்புக்காவது "ஆகட்டும்மா"ன்னு சொல்லக் கூடாதா? நீங்க வேல செஞ்ச ரெண்டு வீட்டு விலாசம் தரீங்களா? போய் அவங்ககிட்ட விசாரிக்கணுமா? ஏன், நீங்க வந்து நிக்கறது போதாதா? அட்வான்ஸும் வேணாமா! சாமான் எறங்கினப்புறம் குடுத்தா போதுமா! ம்ஹூம். எந்த ஊர்லங்க வர்ற காச வேணாங்கறாங்க? இதுல ஏதோ இருக்கு. வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரு சிரிப்பு உண்டா அந்த மூஞ்சியில? எங்க மாமனார் படத்த ஏறெடுத்துக்கூடப் பாக்கல நீங்க!

அட, என்னங்க... பேசிட்டிருக்கும்போதே கெளம்பினா எப்படி? போங்க, போங்க. ஊர்ல வேற ஆளா இல்ல? நல்லவேள, என்கிட்டயா ஏமாத்த முடியும்?

யாருப்பா கேட்டுல? வேல இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தியா? உள்ள வா, வா. வெள்ளிக்கிழமைக்குள்ளயா? முடிச்சிடலாமா? அட, மகராசன்! ஏம்ப்பா அந்தப் படத்தையே பாக்கற? கண்ணெல்லாம் கலங்குதே... அழாதப்பா, அழாத. மொதல்ல உக்காரு.

அதுல இல்லப்பா!