பதினொன்று இருபதுக்குச் சேர்த்த மூன்று வரிகள்

நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. காதில் விழுந்தால் கேட்டுக்கொள்வேன், கண்ணில் பட்டால் படித்துக்கொள்வேன், அவ்வளவுதான். பள்ளிக் கணினி அறைக்கு உதவியாளராக வந்தபிறகு கண்ணில் படுவது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய, மேடம்?

எட்டாம் வகுப்புக்கு நீங்கள் இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் திறந்து கொடுத்தீர்கள். பிள்ளைகள் அதில் கட்டுரை எழுதுவார்கள், மற்றவர்கள் கீழே கருத்துப் போடுவார்கள், முடிந்ததும் பெற்றோர் பார்க்கும்படி வெளியிடுவார்கள். யார், எந்த நிமிடம், எந்த வரியைச் சேர்த்தார் என்று ஓரத்தில் ஒரு பட்டியல் ஓடும். எங்கள் தெருவுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகளின் கட்டுரைக்கு இரண்டு கருத்து. அதில் ஒன்று நான் போட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகளுக்கு நாற்பத்தொன்று. வெளியூரில் வேலை பார்க்கும் அம்மா வாராவாரம் அனுப்பும் கடிதங்களைப் பற்றி எழுதியிருந்தாள். கணக்கு வாத்தியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அம்மா இன்னொருவரோடு போய் மூன்று வருடம். அதை என் சமையலறையில் உட்கார்ந்து அவளேதான் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார் அத்தை. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்." நானும் மூன்று வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமென்று புரியும்.

அன்று அவள் தன் பக்கத்தை மூடாமல் மைதானத்துக்கு ஓடிவிட்டாள். திறந்து கிடப்பதை மூடுவது என் வேலை. மூடத்தான் உட்கார்ந்தேன். மணி பதினொன்று இருபது. கட்டுரையின் கடைசியில் மூன்று வரி சேர்த்தேன். 'அம்மா கடிதம் எழுதுவதில்லை. வேறொருவரோடு போய்விட்டார். இவற்றையெல்லாம் நானே எழுதிக்கொள்கிறேன்.' வெளியிடும் பொத்தானை அழுத்தி, முறைப்படி மூடிவிட்டுத்தான் எழுந்தேன். அவள் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

சாயங்காலத்துக்குள் தெருவே படித்துவிட்டது. தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"நான் எழுதலப்பா."

"உன் பேர்தானே போட்டிருக்கு?"

சுவர் தாண்டிக் கேட்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நானும் காது கொடுத்துப் பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்கு அவள் மைதானத்தில் இருந்ததை நீங்கள் இப்போது கண்டுபிடித்து, உங்களோடு மட்டும் பகிரும் பக்கத்தில் நடந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். நடுவில் ஒரு பத்தியை மட்டும் எழுதி அழித்தேன். அழித்ததுகூட ஓரத்துப் பட்டியலில் நிற்கும் என்பது நினைவுக்கு வந்ததால், அதையும் திரும்ப எழுதிவிடுகிறேன்.

மறுநாள் அவள் என் வாசலில் வந்து நின்றாள். "அத்தை, உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?" குரலில் கோபமே இல்லை. அவளை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன். "நீயே எழுதிட்டு மறந்திருப்பம்மா. மனசுல கிடக்கிறது சில சமயம் கை வழியா வந்துடும்." வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இருக்கும் அத்தை" என்றாள்.

அந்தச் சீப்பை நான் அதற்குப் பிறகு தொடவில்லை. அவள் பள்ளிக்கு வரவில்லை, ஒரு வரியும் எழுதவில்லை. தினமும் மாலையில் நான்தான் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன். மனம்விட்டுப் பேச என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.