மேல் பூட்டு

நான் தேநீர்ப் பைத்தியம் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வந்ததும் ஒன்று, வேலைக்கு இடையில் ஒன்று, பின்னேரம் கிளம்பும்போது ஒன்று. "பரமலிங்கம் அண்ணைக்கு உடம்பிலை ஓடுறது இரத்தமில்லை, தேத்தண்ணி" என்று நீங்களே பகிடி பண்ணியிருக்கிறீர்கள், உதயகலா மிஸ். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கந்தோர்க் கதிரைகளுக்காக நீங்கள் எடுத்த உத்தியோகத்தர்களின் உடல் அளவுகளும், உயிர்காப்பு அங்கிக்காக நான் எடுத்த குருநகர் மீனவர்களின் அளவுகளும் ஏன் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கின்றன என்று. நான் வெயில், சாப்பாடு என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மையை இப்போது எழுதுகிறேன். இதை வாசித்து முடிக்கும்வரை காத்திராமல் ஒன்று செய்யுங்கள். களஞ்சியத்தில் கிடக்கும் இரண்டாம் தொகுதி அங்கிகளை வெளியே விடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பி வாங்க ஆள் அனுப்புங்கள். இன்றைக்கும் பொழுதுபட அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார்கள்.

இந்த வேலை தொடங்கியபோது வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த ஓர் அங்கியை எங்களுக்குக் காட்டினீர்கள். முன்பக்கம் தடித்து வலையில் மாட்டும், கழுத்துப் பட்டை காதுவரை ஏறும். படகில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தார்களே தவிர ஒருவரும் போடவில்லை. "ஆரின்ரையோ உடம்புக்குத் தைச்சது எங்கடை சனத்தைக் காப்பாத்தாது, அண்ணை" என்றீர்கள். ஊருக்கு ஊர் உடம்பு வேறு, தொழிலுக்குத் தொழில் வேறு, அளந்தால்தான் தெரியும் என்று விளக்கினீர்கள். நான் தலையாட்டினேன். விளங்கித்தான் தலையாட்டினேன், ஆகவே விளங்கவில்லை என்று சொல்லி இப்போது தப்ப முடியாது.

அளக்கும் விதத்தையும் காட்டித் தந்தீர்கள். சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும். நாடாவை அக்குளுக்குள்ளால் எடுத்து முதுகைச் சுற்றித் தோலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தோள் எலும்பின் முனையை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். "தொடாமல் அளக்கேலாது" என்றீர்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

குருநகரில் முதலில் போனது நீக்கிலாப்பிள்ளையின் வீட்டுக்கு. அவர் வயதாகிக் கடலை விட்டவர். மகன் லெனாட்தான் தொழிலுக்குப் போகிறவர். முற்றத்தில் வலை காய்ந்தது. அளவெடுக்கச் சொல்லி அயலில் ஒரு கூட்டமே கூடியிருந்தது. லெனாட்டின் மனைவி லவீனா தேத்தண்ணியும் ஒரு துண்டுச் சர்க்கரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"குறை நினையாதேங்கோ, நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்றேன்.

அவர் கோப்பையைத் திருப்பிக்கொண்டு போனார். நீக்கிலாப்பிள்ளை என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வலைப் பக்கம் திரும்பினார்.

லெனாட் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். கரையில் அப்போதுதான் வலை இழுத்துவிட்டு வந்த உடம்பு. வியர்வையும் உப்புமாக இருந்தது. நான் நாடாவை அவரைச் சுற்றி வளையமாகப் பிடித்தேன். தோலில் பட்டிருக்காது.

"சேர், ஆரை அளக்கிறியள்? என்னையோ, காத்தையோ?" என்று கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "உதை இஞ்சை தாங்கோ" என்று நாடாவை வாங்கித் தன் நெஞ்சைத் தானே சுற்றி இறுக்கி, குனிந்து இலக்கத்தை வாசித்தார். நூற்றாறு. நான் அதைப் பதிந்தேன்.

நாடா ஈரமாகத் திரும்பி வந்தது. அதை ஒரு கடைப்பைக்குள் போடச் சொன்னேன். அளவு பதிகிற டப்பில் சார்ஜ் இறங்கிவிட்டது, இன்னொரு நாள் வருகிறேன் என்று காத்திருந்தவர்களிடம் சொன்னேன். டப்பில் சார்ஜ் நிறைய இருந்தது. வீட்டுக்குப் போய்க் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நாடாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், பிறகு அதை எறிந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் புதிதொன்று வாங்கினேன். சுத்தம் பார்க்கிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு.

இன்னொரு நாள் போகவில்லை. அவர்கள் தொழிலுக்குப் போகும் நேரமும் எங்கள் கந்தோர் நேரமும் ஒத்துவராது, காற்றுக் காலம் வேறு என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நீங்கள் கேட்ட அளவுகளைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் வலிகாமத்தில். சனசமூக நிலையத்துக்கு முன்னால் பின்னேரத்தில் பெடியன்கள் கரப்பந்து விளையாடுவார்கள். வயது ஏறக்குறைய அதேதான். அவர்களை வரிசையாக நிறுத்தி, அக்குளுக்குள்ளால் நாடாவை எடுத்து, தோள் எலும்பைத் தடவி, நீங்கள் காட்டித் தந்தபடியே அளந்தேன். சந்தேகம் வந்தால் திரும்பவும் அளந்தேன். அந்த அளவுகளில் பிழை பிடிக்க முடியாது, மிஸ். பெயர்கள்தான் வேறு. மீனவர் சங்கத்தில் வாங்கிய பெயர்களை அந்த உடம்புகளுக்கு வைத்தேன். றஞ்சித் என்ற பெயருக்கு என் பெரியப்பாவின் பேரன். கிறிஸ்ரோபருக்கு, வங்கியில் வேலைசெய்யும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன்.

ஒரே குடாநாடு, ஒரே சோறு, ஒரே வெயில், உடம்பு மட்டும் எங்கே மாறப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் பெடியன்களில் பாதிப்பேர் கணினி வகுப்புக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் அலைபவர்கள். வலை இழுத்து விரிந்த நெஞ்சை அவர்களிடம் தேட முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு நாள் நீங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். "அண்ணை, எல்லாம் வடிவா வந்திருக்கு. லெனாட் எண்டவரின்ரை நெஞ்சளவு மட்டும் தனியா நிக்குது. உது சரியோ, பிழையோ?"

"பிழையாத்தான் இருக்கும், மிஸ். வேர்வையிலை நாடா நழுவியிருக்கும்" என்றேன்.

நீங்கள் அதை நீக்கினீர்கள். நான் கொடுத்தவற்றில் உண்மையான ஒரேயொரு அளவு அதுதான்.

மாதிரி அங்கி வந்ததும் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அதையும் கரப்பந்துப் பெடியன்களுக்கே போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. "சரி" என்று உங்களுக்கு அறிவித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அங்கிகளைக் கொடுத்தோம். நீங்கள் பாதருடன் கதைத்துக்கொண்டு மற்றப் பக்கம் நின்றீர்கள். என் பக்கம் நின்றவர்கள் இறுக்கமாக இருக்கிறது என்றார்கள். தண்ணீர் பட்டால் இளகும் என்றேன். நுரைப் பலகையும் நைலோன் துணியும் தண்ணீர் பட்டு இளகாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லெனாட் என்னிடம் வந்தபோது நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அவருடைய படகு மண்டைதீவுப் பக்கம் காற்றில் கவிழ்ந்ததும், கூடப் போன றஞ்சித் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தப்பியதும் நீங்கள் அறிந்ததே. அங்கி லெனாட்டின் தலைக்கு மேலால் கழன்று போனதை றஞ்சித் கண்ணால் கண்டிருக்கிறான். அங்கி முதலில் கரை ஒதுங்கியது. அவர் அடுத்த நாள். செத்தவீட்டில் அவரைப் பெட்டியில் பார்த்தேன். அகலமான பெட்டி, தோள் இரண்டும் அளவாக அடங்கியிருந்தன. யாரோ அவரைத் தொட்டு ஒழுங்காக அளந்திருக்கிறார்கள்.

விபத்து அறிக்கையை எழுதியது நான். "மேல் பூட்டு பூட்டப்படவில்லை. அங்கி முறையாக அணியப்படவில்லை" என்று எழுதினேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் அதை வாசித்துவிட்டு, அழகாகச் செய்தும் ஒரு உயிர் போய்விட்டதே என்று அழுதீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அலுவலகத்தின் சார்பில் என்னை அனுப்பினீர்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வரும்படி நீக்கிலாப்பிள்ளை கேட்டார், தட்ட முடியவில்லை. எல்லோருக்கும் லவீனா தேத்தண்ணி கொடுத்தார். என்னைத் தாண்டிப் போனார். நீக்கிலாப்பிள்ளை ஒரு சோடாப் போத்தலும் திறப்பானும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். சந்திக் கடைக்குத் தானே நடந்துபோய் வாங்கி வந்திருந்தார்.

"மூடி திறக்கேல்லை, தம்பி. நீங்களே உடையுங்கோ. எங்கடை கை படேல்லை."

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. ஒரு விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதை அவர் செய்தார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கடற்கரை ஆட்கள் குடிப்பதற்கென்று ஒரு தகரப் பேணி கிணற்றடியில் கவிழ்ந்திருக்கும். எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுக்குப் போனால் மூடி உடைக்காத சோடாவைத் தவிர வேறொன்றிலும் வாய் வைப்பதில்லை. இதெல்லாம் அந்தக் காலம் என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவருக்கோ நான் கோப்பையை மறுத்த அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கிறது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவர் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கதைத்தார். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை, தம்பி. நீங்கள் வடிவாத்தான் செய்து தந்தனீங்கள். என்ரை பிள்ளைதான் கவலையீனமா மேல் பூட்டைப் பூட்டேல்லை. சின்னனிலையிருந்தே உவன் சொல்வழி கேக்க மாட்டான். அந்த ஒரு பூட்டைப் பூட்டியிருந்தால் இண்டைக்கு என்னோடை இருந்திருப்பான்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் போத்தலை உடைத்துக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

இனி, கோயில் முற்றத்தில் நடந்தது. லெனாட் அங்கியைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நெஞ்சுக்குக் குறுக்கே நாலு விரல் இடைவெளி இருந்தது. "சேர், மேல் பூட்டு எட்டுதில்லை. மிஸ்ஸிட்டைக் கேக்கட்டோ?" என்றார். நீங்கள் பத்தடி தள்ளி நின்றீர்கள். கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும். "வேண்டாம். மேல் பூட்டு சும்மா வடிவுக்கு. கீழ்ப் பூட்டுக் காணும்" என்றேன். "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்வழி கேட்டார், மிஸ். நான் சொன்னபடியே பூட்டாமல் போனார். அவரைக் கொன்றது நான். செத்த பிறகு அவர்மேல் பழியைப் போட்டதும் நான். அந்தத் தகப்பன் தன் பிள்ளையைக் குறை சொல்லிக்கொண்டே காலத்தைக் கழிக்க விட்டதும் நான்தான். வெட்கம் என்று எழுதினால் அந்தச் சொல்லும் கூசும்.

இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்வேன். எந்தத் தண்டனைக்கும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்று கேட்க விரும்புகிறேன். குருநகரில் திரும்பவும் அளவெடுக்கத்தானே வேண்டும். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்கே தாருங்கள். நான் மாறிவிட்டேன். ஒவ்வொருவரையும் நீங்கள் காட்டித் தந்தபடியே தொட்டு அளப்பேன்.

ஒரு பெட்டி கையுறை மட்டும் வாங்கித் தந்தால் போதும். வேர்வையில் நாடா நழுவாமல் இருப்பதற்குத்தான்.