எந்தப் பக்கம்ங்க?

மாடி வீட்டில் வாடகைக்கு ஆள் வைப்பதில் நான் அவ்வளவு கறார் கிடையாது, சார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, செருப்பை வாசலில் விட வேண்டும், அவ்வளவுதான். வினோதினி இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அதன் புருஷன் அருண்ராஜ் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர். வீடு பார்க்க வந்த அன்று, எல்லாரையும் கேட்பதுபோல, "எந்தப் பக்கம்ங்க?" என்றேன். "குயிலாப்பாளையம் பக்கம் அங்கிள்" என்று அந்தப் பெண் சிரித்தது. ஊர்ப் பேரைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டது. நானும் அதற்கு மேல் தோண்டவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. என் மனைவி முத்தம்மாளுக்கு அந்தப் பெண்தான் பிரஷர் பார்க்கும். மாசமாக இருக்கிறது என்று தெரிந்ததும் இவள் புளிச்சோறு கிளறிக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் அதன் அப்பா அர்ச்சுனன் பலாப்பழத்தோடு வந்தார். கூடத்தில் உட்காரவைத்து, எங்கள் டம்ளரில் மோர் கொடுத்து, அதே கேள்வியைக் கேட்டேன்.

"காலனிங்க" என்றார். மறைக்கவேயில்லை. மோரைக் குடித்து முடித்து டம்ளரை என் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேலே நடக்கும் சத்தம் முன்பும் கேட்டதுதான். இப்போது ஒவ்வொரு அடியும் என் தலைமேல் வைப்பதுபோல இருந்தது. வாசலுக்குப் போவேன், திரும்புவேன், சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். கோபம் இல்லை, சார். அருவருப்பு.

வக்கீலைப் பார்த்தேன். "சாதிப் பேர மட்டும் வாயால சொல்லிடாதீங்க. சொல்லாத வரைக்கும் இது சிவில் மேட்டரு. சொல்லிட்டீங்கன்னா பிசிஆர் கேஸு, வன்கொடுமைன்னு உள்ள போட்டுடுவாங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. மகன் குடும்பத்தோடு வருகிறான், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ்தான் கொடுத்தேன். அவன் வருவதாக இல்லை.

"மூணு மாசம் டைம் குடுங்க அங்கிள். டெலிவரி முடிஞ்சதும் போயிடறோம். இந்த வயித்த வெச்சிக்கினு வீடு தேடி அலைய முடியலைங்க" என்று அந்தப் பெண் படியில் நின்று கேட்டது. நியாயமான பேச்சுதான். ஆனால் மூன்று மாதம் என்னால் தாங்க முடியாது.

எனக்கு உப்பளம் இருக்கிறது. உப்பை வாரிய பிறகு பாத்தியில் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும். மாடு வாய் வைத்தால் இரண்டு நாள் கழியும். அதில் தினம் ஒரு கேன் கொண்டுவந்து, அவர்கள் வேலைக்குப் போன பிறகு, அவர்கள் தொட்டியில் ஊற்றினேன். எங்களுக்குத் தனித் தொட்டி. இந்தக் கரையில் போர் தண்ணீர் எப்போதும் கரிக்கும், சந்தேகம் வராது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் தாங்களாகவே போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"தண்ணி ஒரு மாதிரி இருக்குதே அங்கிள்?"

"வெயில் காலம் இல்லம்மா. நல்லா கொதிக்க வெச்சி குடி" என்றேன்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொடியை வாங்கி வந்து கரைத்துக் குடித்தது. அதையும் அந்தத் தண்ணீரில்தான் கரைத்தது.

பதினாறாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டதாம். எட்டாம் மாதம். பெண் குழந்தை, அழவேயில்லையாம்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று வாக்குமூலத்தில் எழுதச் சொல்லலாம். தொட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டீர்கள், மரியாதையாகவும் கேட்கிறீர்கள், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். ஆறாம் நாளே அது சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதைப் பார்த்தேன். பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் மறுநாள் இரண்டு கேன் ஊற்றினேன். இங்கே இருக்கும்போதே பிறந்துவிட்டால் பிறப்புச் சான்றிதழில் என் வீட்டு முகவரி ஏறிவிடும். அந்த அவசரம்தான்.

என் வாயிலிருந்து ஒரு சாதி வார்த்தை வரவில்லை. அர்ச்சுனனையே கேட்டுப் பாருங்கள். மற்றபடி எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் இறப்பைப் பதிந்தபோது எங்கள் கதவு எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்களாம். அதை மட்டும் மாற்றச் சொல்ல முடியுமா, சார்?