மென்பவளமும் செப்புத் தவலையும்

மென்பவளம் ஒரு நாள் விரியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, ஐயா. அது அவ்வப்போது மேல்தோலை உரித்துக்கொள்ளும். ஒரு வாரம் சுருங்கிக் கிடந்துவிட்டுத் தானே விரியும். பத்து நாளைக் கடந்தால்தான் காரணம் தேட வேண்டும். என் புகாரை எழுதிக்கொள்ளும் முன் இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும்.

என் பெயர் கோதண்டபாணி. வயது நாற்பத்தொன்பது. கச்சேரி சாலையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். வீடு சித்திரக்குளத்துக்கு அருகில். அடையாற்றிலிருந்து மாற்றலாகிப் போன பொறியாளர் ஒருவர் விட்டுச் சென்ற நான்கடிக் கண்ணாடித் தொட்டி என் முன்னறையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் நொச்சிக்குப்பத்துக் கடலில் நீர் முகந்து ரிக்‌ஷாவில் கொண்டுவருவேன். தொட்டியில் மீன் இல்லை. மென்பவளம் மட்டும்தான்: கைவிரல்கள் போலக் கிளைத்தது; ஒவ்வொரு விரலிலும் எட்டு இதழ் கொண்ட நுண்ணிய பூக்கள். மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அக்பர் பாஷா ராமேஸ்வரத்திலிருந்து தருவித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே எச்சரித்தார்.

“இது மீனு மாரி இல்ல வாத்யாரே. தீனி போட்டா ஓடி வராது. பொண்டாட்டி மாரி, மூஞ்ச பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். வூட்ல அந்தப் பயக்கம் கீதா?”

இல்லை என்றேன். சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கடல்நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் சிவப்புக் கோடு ஒன்று வரைந்திருந்தேன். நாளுக்கு அரை விரல் இறங்கும். காய்ச்சி ஆறிய நீரை நான் மாலையில் ஊற்றுவேன். சென்ற ஆண்டு, அதாவது எழுபத்து நான்கில், பங்குனி மாதம் நானே ஒரு கண்ணாடி மூடி செய்து பொருத்தினேன். அன்று முதல் நீர் கோட்டைவிட்டு இறங்கவில்லை. அச்சகத்தில் இதை நான்கைந்து பேரிடம் சொன்னேன். பெருமை என்று சொல்ல முடியாது, தகவலாகத்தான் சொன்னேன்.

வைகாசியில் பவளம் சுருங்கியது. பத்து நாள் பொறுத்தேன்; விரியவில்லை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பின்பு பத்து நாள் காத்திருப்பு என்பது என் முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. சாம்பிராணியை நிறுத்தச் சொன்னேன். என் மனைவி சுந்தரவல்லி அன்றே நிறுத்தினாள். குழல்விளக்கை உயர்த்தினேன். காற்றுப் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கடல்நீரை வேறு இடத்தில் முகந்தேன். பலன் இல்லை. இரண்டு விரல்கள் அழுகின. அக்பர் பாஷா, “செம்பு, பித்தள எதுனா தண்ணில பட்ச்சா? பட்டா அவ்ளோதான்” என்று கேட்டார். என் தொட்டியில் உலோகமே கிடையாது என்று பதில் சொன்னேன்.

ஆடியில் எனக்குக் காய்ச்சல், விடுப்பில் வீட்டிலிருந்தேன். காலை பத்து மணிக்குச் சுந்தரவல்லி தொட்டியின் மூடியைத் தூக்கிச் செப்புச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“தண்ணி ஊத்துதேன். கோடு இறங்கிட்டா ஒங்க மூஞ்சியும் இறங்கிருதுல்லா? அதான் நீங்க வரதுக்குள்ள நெரப்பி வச்சிருவேன்.”

“எத்தனை நாளா?”

“பங்குனிலேருந்து. எங்க அம்மை குடுத்த செப்புத் தவலைத் தண்ணிதான். அதைவிடச் சுத்தம் ஏது?”

மூடி போட்ட பிறகுமா என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா மூடுனிய போங்க. காத்து வார வழில தண்ணி போகாதாக்கும்? ஊரெல்லாம் மூடியப் பத்திச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிய. நான் எதுக்குக் கெடுக்கணும்னு பேசாம இருந்தேன்.”

நானும் சிரித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்குக் கேலி இயல்பாக வரும். அதில் தவறில்லை.

அழுகாத கிளை ஒன்றை வெட்டி, ஊறுகாய் ஜாடியில் புதிய கடல்நீர் விட்டு, என் அறையில் வைத்தேன். நான்காம் நாள் விரிந்தது. காரணம் செம்பு என்பது உறுதியாயிற்று. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தில் பிழையைக் கண்டால், அதே பிழை வேறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பான். அதே தவலைத் தண்ணீரைத்தான் அவளும் நாள்தோறும் குடித்தாள்; செம்பு அவளை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டியிருந்தது. நான் மண்பானைக்கு மாறிவிட்டேன்.

வெறும் தண்ணீரால் மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் ஈயம் பூசாத செம்பில் புளிப்பு நிற்கக் கூடாது, களிம்பு ஏறும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைச் செப்புச் சொம்பில் ஊற்றி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் காலை வடிகட்டி, சர்க்கரை சற்றுத் தூக்கலாகப் போட்டு, எவர்சில்வர் டம்ளரில் அவளுக்குக் கொடுத்தேன். திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் என் கையால் அவளுக்கு நான் கொடுத்த முதல் பானம் அது. அதே வீட்டின் பக்கத்துப் பகுதியில் குடியிருக்கும் காமாக்ஷி அம்மாளிடம் அவள் சொன்னது என் அறைக்குக் கேட்டது.

“இவுக கையால எலுமிச்சம்பழத் தண்ணி, மாமி! கனாக் கண்ட மாதிரி இருக்கு.”

“கொடுத்து வெச்சவடீ நீ. எங்காத்து மனுஷர் தான் குடிச்ச டம்ளரையே நகத்தி வெக்க மாட்டார்.”

எட்டாம் நாள் வாந்தி எடுத்தாள். நிறுத்தினேன். ஒரு வாரத்தில் எழுந்து நடமாடினாள். முறைப்படி பார்த்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம். அதற்குள் அவளே, “இன்னிக்கு எலுமிச்சம்பழத் தண்ணி கெடையாதா?” என்று கேட்டாள். மீண்டும் கொடுத்தேன். கண் மஞ்சளாயிற்று. அந்த மழையில் மயிலாப்பூரில் பலருக்கும் காமாலை. மருத்துவர் அதையே எழுதினார். சோறு இறங்காத நாள்களிலும் நான் கொடுத்ததை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். ஐப்பசி பதினான்காம் தேதி இறந்தாள். பவளத்துக்கு வைத்திருந்த குறிப்பேட்டிலேயே தேதியை எழுதினேன். வேறு குறிப்பேடு என்னிடம் இல்லை.

தவலையை அவளுடைய அண்ணன் சண்முகவேல் அழுதுகொண்டே ஊருக்கு எடுத்துப் போனார். நான் தொட்டியைக் கழுவி, புதிய கடல்நீர் நிரப்பி, ஜாடியிலிருந்த கிளையை அதில் இட்டேன். மூடியை எடுத்துவிட்டேன். பத்து நாளில் ஐந்து விரல் அளவாவது நீர் இறங்க வேண்டும். இறங்கவில்லை. மழைக்கால ஈரம் என்று நினைத்தேன். மார்கழி போயிற்று, தை போயிற்று; நீர் கோட்டிலேயே நிற்கிறது. நான் ஒரு துளியும் ஊற்றவில்லை. முன்கதவைப் பூட்டிச் சாவியை என்னுடன் கொண்டுபோனேன். விடுப்பெடுத்து நாள் முழுதும் எதிரே உட்கார்ந்தும் பார்த்தேன். யாரையும் காணவில்லை. பத்து மணியளவில் நீரின் மேற்பரப்பு மட்டும் சற்று அசைந்தது. நேற்றுடன் பதினொரு நாளாகப் பவளம் சுருங்கிக் கிடக்கிறது.

என் புகார் இதுதான்: யாரோ ஊற்றுகிறார்கள். உங்கள் ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார். வேகமாகச் சொல்லிவிட்டேனோ? எலுமிச்சைத் தண்ணீர் என்ற இடத்திலிருந்து மீண்டும் சொல்கிறேன். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளட்டும். நான் மறைக்கவில்லை. அவளைக் கொன்றவன் நான். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை.

தண்ணீர் ஊற்றாதே என்று அவளிடம் சொன்னீரா என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஒன்பது மாற்றங்கள் இருக்கின்றன, அது இல்லை. சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பாள். எதையும் ஒருமுறை சொன்னால் போதும் அவளுக்கு. இப்போது நாள்தோறும் காலை பத்து மணிக்குத் தொட்டியருகே நின்று சொல்கிறேன். காதில் போட்டுக்கொள்வதில்லை. பழக்கத்தால்தான் ஊற்றுகிறாள் என்று நினைக்கிறேன், ஐயா. மற்றபடி, என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கக் காரணம் ஏதுமில்லை.